பாலம் வரவில்லை

அந்த ஸ்டேஷனில் இறங்க வேண்டியவர்கள் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு வருவதில்லை. பாலத்தின் சத்தம் கேட்டால் எழுந்திருப்பார்கள். அவ்வளவுதான்.

ஓடைமேல் கைப்பிடி இல்லாத சின்ன இரும்புப் பாலம் அது. பெட்டி அதன்மேல் ஏறும்போது சக்கரத்தின் சத்தம் மாறும். தூங்குகிறவர்களும் விழித்துக்கொள்வார்கள். மூட்டையை எடுத்து, பிள்ளையை இடுப்பில் ஏற்றி, வாசலுக்கு வருவதற்குள் வண்டி நிற்கும். காலை வைத்தால் பிளாட்பாரம். பல வருஷம் அங்கே விளக்கு கிடையாது. பெயர்ப் பலகையைத் துரு தின்றிருந்தது. காதை நம்பி இறங்கிப் பழகிவிட்டார்கள். விளக்கு வந்த பிறகும் பழக்கம் போகவில்லை. வெளியூர்க்காரர்கள்தான் எட்டி எட்டிப் பார்ப்பார்கள், பக்கத்தில் இருப்பவர்களைக் கேட்பார்கள். ஊர்க்காரர்களுக்கு அது வேடிக்கை.

ஸ்டேஷன் அங்கே வந்ததே தண்ணீருக்காக. நீராவி எஞ்சின்கள் வழியில் எங்காவது தண்ணீர் பிடிக்க வேண்டும். ஓடையில் வற்றாத மடு ஒன்று இருந்தது. பக்கத்தில் தூண்கள் எழுப்பி ஒரு தொட்டி கட்டினார்கள். தொட்டியைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள். ஆளுக்கு ஒரு வீடு. வண்டி எப்படியும் நிற்கிறதே என்று சுற்றுப்புறத்து ஆட்கள் ஏறத் தொடங்கினார்கள். டிக்கெட் ஜன்னல் அதற்குப் பிறகு வந்தது. ஊர் அதற்கும் பிறகு. டீசல் எஞ்சின் வந்ததும் தொட்டி காய்ந்தது. ஆனால் ஒற்றைத் தண்டவாளம். எதிரெதிரே வரும் வண்டிகளில் ஒன்று எங்காவது ஒதுங்கி நிற்க வேண்டும். அதற்கு அந்த இடம் தோதாக இருந்தது. ஸ்டேஷன் பிழைத்தது. ஒதுங்கி நின்ற வண்டிக்காரர்கள் டீ கேட்டார்கள். தொட்டியின் நிழலில் ஒரு டீக்கடை வந்தது.

கடையை நடத்தியவள் பாயிண்ட்ஸ்மேனின் மனைவி. தண்டவாளத்தை மாற்றிவிடுவது, கொடி காட்டுவது, டோக்கன் வளையத்தை வண்டிக்குக் கொடுப்பது எல்லாம் அவனுடைய வேலை. அவனுடைய அப்பா அதே பாதையில் கேங்மேனாக ஜல்லி அடித்து ஓய்வு பெற்றவர். வேலையில் இருக்கும்போதே கல் தெறித்து ஒரு கண் போய்விட்டது. மிச்சமிருந்த கண்ணில் புரை விழுந்தது. நகரத்து ஆஸ்பத்திரியில் அறுவை செய்திருந்தார்கள். அவளுடைய மாமனாரும் மாமியாரும் அன்று காலை வண்டியில் வீடு திரும்புகிறார்கள். கண்ணில் கட்டு இருக்கும். குனியக் கூடாது, குதிக்கக் கூடாது, உடம்பு அதிரக் கூடாது. டாக்டர் அதை மகனிடம் விரலை ஆட்டிச் சொல்லி அனுப்பியிருந்தார். இந்தக் கண்ணும் போனால் வேறு கண் இல்லை.

அந்த வாரம்தான் ஆற்றில் வெள்ளம் வந்தது.

நகரத்து வண்டி முதலில் ஆற்றுப் பாலத்தைத் தாண்டும். பிறகு ஆற்றோர ஸ்டேஷன். பிறகு இந்த ஓடைப் பாலம். பிறகு இங்கே. வெள்ளத்தில் ஆற்றுப் பாலத்தின் தூண் ஒன்று சாய்ந்துவிட்டது. வண்டியை ஜங்ஷன் வழியாகச் சுற்றவிட்டு, மறுபக்கத்திலிருந்து, அதாவது தொட்டிப் பக்கத்திலிருந்து கொண்டுவருவதாக உத்தரவு. இங்கே நின்றுவிட்டு ஓடைப் பாலம் தாண்டி ஆற்றோர ஸ்டேஷன் வரை போகும். அதற்குமேல் வழியில்லை. வந்த வழியே திரும்பும். அன்றைக்குத்தான் முதல் நாள்.

காலையில் தூறல். மருமகள் கடையில் பாலைக் காய்ச்சிக்கொண்டிருந்தாள். விறகு நமுத்துப்போய்ப் புகைந்தது. கீரைக்காரி கூடையோடு வந்து தொட்டிக்கடியில் நின்றாள்.

"ஏம்மா, டவுன் வண்டி எந்தப் பக்கம் வரும்?"

"தொட்டிப் பக்கம்க்கா."

"அது டவுன்லேர்ந்து வர்றது. நான் டவுனுக்குப் போறதைக் கேக்கறேன்."

"அதுவும் தொட்டிப் பக்கம்தான் போகுமாம்."

"வர்றதும் அங்கேர்ந்து, போறதும் அங்கேயேவா? அப்போ பாலத்துப் பக்கம் என்னதான் இருக்கு?"

"ஒண்ணும் இல்லையாம்."

கீரைக்காரி கூடையை இறக்கி வைத்தாள். "ஒண்ணுமில்லாத பக்கத்துக்கு வண்டி எதுக்குப் போகுது?"

"திரும்பறதுக்கு," என்றார் கடலை விற்கிறவர். அவர் பெஞ்சில் உட்கார்ந்து பொட்டலம் மடித்துக்கொண்டிருந்தார்.

"இங்கயே திரும்பிக்கிட்டா ஆகாதா?"

"மூக்கணாங்கயித்தைப் பிடிச்சுத் திருப்ப அது என்ன மாடா?"

"உனக்கு எல்லாம் தெரியும். அப்போ நான் எங்க நிக்கணும், சொல்லு."

கடலைக்காரர் இரண்டு பக்கமும் பார்த்தார். "நடுவுல நில்லு," என்றார்.

ஸ்டேஷன் மாஸ்டர் வெளியே வந்தார். அந்த மாதம்தான் மாற்றலாகி வந்தவர். எல்லோரும் அவரைப் பார்த்தார்கள்.

"என்னைக் கேக்காதீங்க," என்றார். "எனக்கே காலையிலதான் சொன்னாங்க. திரும்பிப் போறப்போ ஆள் ஏத்தக் கூடாதாம். காலி வண்டியாம்."

"அப்போ டவுனுக்கு?" என்றாள் கீரைக்காரி.

"மத்தியானம் வேற வண்டி விடறாங்களாம்."

"அது எந்தப் பக்கம்?"

"சொல்லலை."

"மத்தியானம் வரைக்கும் கீரை உங்களை மாதிரி நிமிந்து நிக்குமா சார்?"

மாஸ்டர் உள்ளே போய்விட்டார்.

பாயிண்ட்ஸ்மேன் பச்சைக் கொடியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்து டீ குடித்தான்.

"நீ இங்கயே இரு," என்றான் மனைவியிடம். "அப்பா எப்பவும் எஞ்சினுக்கு அடுத்த பெட்டிதான் ஏறுவாரு. அது கடைகிட்டதான் நிக்கும். கையைப் பிடிச்சு மெதுவா எறக்கு. அம்மாவை நம்பாதே, அவங்க மூட்டையைத்தான் பிடிப்பாங்க."

"நீங்க?"

"நான் டோக்கன் குடுக்கணும். டிரைவர் பக்கம் நிப்பேன்."

இரண்டு பேருக்கும் அதில் இருந்த தவறு தெரியவில்லை. எஞ்சினுக்கு அடுத்த பெட்டி கடைக்கு அருகே நிற்கும். அது அவள் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அப்படித்தான்.

வண்டி தொட்டிப் பக்கத்திலிருந்து வந்தது. அது வருகிற விதமே சரியில்லாமல் இருந்தது. ஸ்டேஷன் நாய் பாலத்துப் பக்கம் பார்த்துக் குரைத்தது. எஞ்சின் கடையைத் தாண்டியது. எஞ்சினுக்கு அடுத்த பெட்டியும் தாண்டியது. அதன் ஜன்னலில் மாமியாரின் முகம் வந்து போனது. பெட்டிகள் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டே இருந்தன. கடைசிப் பெட்டி அவளுக்கு எதிரே வந்து நின்றது. அதில் யாரும் இல்லை.

அவள் ஓடினாள். ஈரத்தில் செருப்பு வழுக்கியது. அதைக் கழற்றிவிட்டு ஓடினாள். துணி மூட்டையோடு ஒரு வெளியூர் வியாபாரி இறங்கினார். குடையோடு ஒரு பெண் இறங்கி, "இதுதானே?" என்று கேட்டாள். ஊர்க்காரர் ஒருவரும் இறங்கவில்லை. நடுப்பெட்டியில் உள்ளூர் ஆட்டுக்காரர் மடியில் கம்பளியோடு சாவகாசமாக உட்கார்ந்திருந்தார். அவள் அவரைத் தாண்டி ஓடினாள்.

எஞ்சினுக்கு அடுத்த பெட்டியை அவள் எட்டுவதற்குள் விசில் ஊதியது.

"அத்தை, எறங்குங்க. அத்தை."

மாமியார் ஜன்னல் வழியே நேராக அவளைப் பார்த்தாள். பக்கத்தில் மாமனார், கண்ணில் வெள்ளைக் கட்டோடு, கைத்தடியை முழங்காலுக்கு நடுவே வைத்து நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். மாமியார் அவர் பக்கம் திரும்பி ஏதோ சொன்னாள். அவர் தலையை ஆட்டினார். இல்லை என்கிற ஆட்டல். வண்டி நகர்ந்தது. மாமியாரின் முகம் அவளைப் பார்த்தபடியே போனது. தெரியாத ஒருத்தியைப் பார்ப்பதுபோல் இருந்தது அந்தப் பார்வை.

கடைசிப் பெட்டி போனதும் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் அவள் கணவன் நின்றிருந்தான்.

"எறக்கிட்டியா?"

"இல்லை."

"ஏன்?"

"எறங்கலை."

"வரலையா?"

"வந்தாங்க. எறங்கலை."

"நீ கூப்பிடலையா?"

"கூப்பிட்டேன். அத்தை என்னைப் பார்த்தாங்க. எறங்கலை."

அவன் தண்டவாளத்தைத் தாண்டி வந்து பிளாட்பாரத்தில் ஏறினான். இரண்டு பேரும் வண்டி போன பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அப்போது பாலத்தின் சத்தம் கேட்டது. ஒவ்வொரு பெட்டியாக ஏறியது. வண்டி நிற்காமல் வேகமெடுத்தது.

"என்னங்க," என்றாள். "மாமா பாலத்துக்காக உட்கார்ந்திருந்திருக்காரு."

அவன் அவளைப் பார்த்தான். பிறகு பாலத்தைப் பார்த்தான்.

"கண்ணு கட்டியிருக்கு. அவருக்கு எந்தப் பக்கமா வர்றோம்னு எப்படித் தெரியும்? பாலம் வரலை, அதனால ஊர் வரலை."

"அம்மாவுக்குக் கண்ணு நல்லாத்தானே இருக்கு."

அவள் மாஸ்டரின் அறைக்கு நடந்தாள்.

மாஸ்டர் ஆற்றோர ஸ்டேஷனுக்குப் போன் போட்டார். கைப்பிடியைச் சுற்றிச் சுற்றிப் பேசினார். வயரில் மழை இரைந்தது. மூன்று பேரும் மேஜையைச் சுற்றி நின்றார்கள்.

"இருக்காங்களாம்," என்றார் மாஸ்டர். "எறங்க மாட்டேங்கறாராம். என் ஸ்டேஷன்ல நிறுத்தாமக் கொண்டுவந்துட்டான், கொண்டுபோய் விட்டாத்தான் எறங்குவேன்னு உட்கார்ந்திருக்காராம்." மறுபடியும் கேட்டார். "இன்னும் நாலஞ்சு பேர் அப்படித்தானாம். எல்லாரும் இந்த ஊர்க்காரங்களாம்."

"அங்கேயே எறக்கி வெச்சுக்கச் சொல்லுங்க சார். நான் டியூட்டி முடிஞ்சதும் போய்க் கூட்டிட்டு வரேன்."

"எதுல போவே? ரோடு தண்ணியில கிடக்கு. அங்க கூரையும் இல்லையாம், காத்துல போயிடுச்சாம்." மாஸ்டர் போனில் கத்தினார். "ஹலோ, அந்த வண்டி இங்க நிக்குமா? டிரைவர்கிட்ட சொல்லிட்டீங்களா? ஹலோ."

போன் செத்துவிட்டது. மாஸ்டர் அதைத் தட்டினார். ஊதினார். வைத்துவிட்டார்.

"சொன்னாங்களா இல்லையா, தெரியலை," என்றார்.

அவர் அடுத்து, வண்டிகளுக்கு உத்தரவு போடும் கண்ட்ரோலுக்குப் பேசினார். அந்த வயர் வேறு பக்கம் போவதால் வேலை செய்தது. அவர் எழுந்து நின்றே பேசினார். உட்கார்ந்தபோது முகம் வாடியிருந்தது.

"காலி வண்டி, எங்கயும் நிக்காதாம். ஜங்ஷன்ல இன்னொரு வண்டி இதுக்காகக் காத்திருக்காம். ஆளுங்க இருக்காங்கன்னு சொன்னேன். காலி வண்டியில எப்படி ஆளு இருப்பாங்கன்னு கேக்கறாங்க."

"இருக்காங்களே சார்," என்றாள் மருமகள்.

"நான் சொன்னேம்மா. இருந்தா அது காலி வண்டி இல்லை, வேற எந்த வண்டியைப் பத்திப் பேசறீங்கங்கறாங்க."

வெளியே கீரைக்காரி கீரைமேல் ஈரச் சாக்கைப் போர்த்திக்கொண்டிருந்தாள்.

மருமகள் கணவனின் சட்டைக் கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்தாள்.

"இப்போ பாலம் முதல்ல வரும்."

"ஆமா."

"சத்தம் கேட்டதும் எந்திரிப்பாரு. வாசலுக்கு வருவாரு. வண்டி நிக்காது."

"நிக்கலைன்னா ஏன் எறங்கப் போறாரு?"

"டோக்கன் வாங்க மெதுவா வருவான்ல? அந்த வேகத்துல அவரு எத்தனை தடவை எறங்கியிருக்காரு? எப்பவும் அதுதானே கேங்காளுங்க வழக்கம். நீங்களே சொல்லியிருக்கீங்க. ஒரு தடவை ஏமாந்தவரு, இந்தத் தடவை நிக்கட்டும்னு காத்திருப்பாரா?"

அவன் உதட்டைக் கடித்துக்கொண்டான்.

மாஸ்டர் கேட்டுக்கொண்டிருந்தார். "சிக்னலைப் போடாம வெச்சுடறேன்," என்றார். "என்ன ஆனாலும் ஆகட்டும். வெளியே நிக்கட்டும்."

"வேண்டாம் சார். சிக்னல் பாலத்தை ஒட்டி இருக்கு. அங்க நின்னா பெட்டிங்க பாலத்துமேல நிக்கும். நின்னா எறங்கிடுவாரு. கீழே ஓடை."

மாஸ்டர் கைகளை மேஜைமேல் வைத்துக்கொண்டார். "எனக்கு வேற ஒண்ணும் தெரியலையே," என்றார்.

"சிக்னலைப் போட்டுடுங்க சார். வண்டி வரட்டும்."

அவன் மாஸ்டர் அறையிலிருந்த டோக்கன் கருவியிலிருந்து வந்த டோக்கனைத் தோல்பையில் போட்டு வளையத்தில் மாட்டினான். பையில் இருப்பது ஓர் இரும்புக் குண்டு. அது கையில் இல்லாமல் எந்த டிரைவரும் அடுத்த ஸ்டேஷனுக்குப் போக முடியாது. ஒரு பாதைக்கு ஒரு சமயத்தில் ஒரு குண்டுதான் வெளியே வரும். நிற்காத வண்டி என்றால் பாயிண்ட்ஸ்மேன் வளையத்தைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். எஞ்சினிலிருந்து கையை நீட்டி வாங்கிக்கொண்டு போவார்கள்.

வழக்கமாக அவன் ஆபீஸ் வாசலில் நின்று கொடுப்பான். அன்று தொட்டிப் பக்கமாக நடந்தான்.

"எங்க போறீங்க?"

"நீ பாலத்துப் பக்கம் போ. பிளாட்பாரத்துக் கடைசியில நில்லு. அங்க எஞ்சினை மறு தலைக்கு மாத்தியிருப்பாங்க. அவங்க பெட்டி இப்போ கடைசிப் பெட்டி."

"அதுக்கு நீங்க ஏன்..."

"எஞ்சின் எவ்வளவு தூரம் உள்ள வருதோ, கடைசிப் பெட்டி அவ்வளவு தூரம் பாலத்தை விட்டு வெளியே வரும். போ."

அவளுக்கு முழுதாகப் புரியவில்லை. போனாள். பிளாட்பாரத்தின் நுனியில் நின்றாள். மழை வலுத்திருந்தது. ஓடையில் செந்நிறத் தண்ணீர் பாலத்தின் காலைச் சுற்றிக்கொண்டு போனது. தலையில் போட்டிருந்த முந்தானையிலிருந்து தண்ணீர் கண்ணில் இறங்கியது. திரும்பிப் பார்த்தாள். தூரத்தில், தன்னுடைய கடையைத் தாண்டி, தொட்டியையும் தாண்டி, அவன் நின்றிருந்தான். பிளாட்பாரம் அங்கே முடிந்துவிட்டது. ஜல்லியில் நின்றிருந்தான்.

வண்டி வந்தது. பாலம் அதிர்ந்தது. எஞ்சின் அவளைத் தாண்டியது. மெதுவாகத்தான் வந்தது, ஆனால் நிற்கிற மெதுவாக இல்லை. காலிப் பெட்டிகள் தாண்டின. ஆட்டுக்காரர் வாசலில் நின்றுகொண்டு கம்பளியை ஆட்டி, "நிறுத்துங்கடா," என்று சொல்லிக்கொண்டே போனார்.

கடைசிப் பெட்டி பாலத்தில் ஏறியது. வாசலில் மாமனார் நின்றிருந்தார். ஒரு கையில் கம்பி. கைத்தடி கக்கத்தில். இடது கால் படியில் இறங்கியிருந்தது. பின்னால் மாமியார் அவருடைய சட்டையை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

"மாமா, நிக்கட்டும். மாமா, நான்தான். எறங்காதீங்க."

அவர் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினார். பெட்டி அவளைத் தாண்டிப் போனது. அவளும் கூடவே நடந்தாள். பிறகு ஓடினாள். அவர் வலது காலையும் படிக்கு இறக்கினார்.

அந்தத் தலையில் பாயிண்ட்ஸ்மேன் வளையத்தைத் தூக்கிப் பிடித்திருந்தான். எஞ்சினிலிருந்து கை நீண்டது. அவன் தன் கையை இறக்கினான்.

பிரேக் கிறீச்சிட்டது. பெட்டிகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நின்றன. மாமனார் கம்பியில் ஒரு சுற்றுச் சுற்றி, படியிலேயே உட்கார்ந்தார். மருமகள் அவரை மார்போடு பிடித்துக்கொண்டாள். பெட்டி முழுவதும் பிளாட்பாரத்துக்குள் வந்திருந்தது.

"யாரு?"

"நான்தான் மாமா."

"இன்னைக்கு வண்டி ஓட்டறவன் யாரு? மாடு மேய்க்கப் போகச் சொல்லு," என்றார். காலால் தரையைத் தடவிப் பார்த்தார். எழுந்து நின்றார். "இதுதான் நம்ம பிளாட்பாரம். பாலம், அப்புறம் இது. நான் சொன்னேன்ல?"

மாமியார் மூட்டையோடு இறங்கினாள்.

எஞ்சின் பக்கம் சத்தம் கேட்டது. டிரைவர் பாதி உடம்பை வெளியே போட்டுத் திட்டிக்கொண்டிருந்தார். பாயிண்ட்ஸ்மேன் ஜல்லியிலிருந்து வளையத்தைப் பொறுக்கித் துடைத்துக்கொண்டிருந்தான். மாஸ்டர் குடையில்லாமல் ஓடிவந்தார்.

"என்னய்யா ஆச்சு?"

"கை வழுக்கிடுச்சு சார்."

மாஸ்டர் அவனுடைய கையைப் பார்த்தார். அவன் நின்ற இடத்தையும் பார்த்தார். கடைசிப் பெட்டியிலிருந்து ஆட்கள் இறங்குவதைப் பார்த்தார்.

"மழை," என்றார் டிரைவரிடம்.

"மழைன்னா அந்தாளு ஏன் ஊருக்கு வெளியே போய் நிக்கிறான்?"

மாஸ்டர் நெற்றியில் வழிந்த மழையைத் துடைத்தார்.

"நின்னதுதான் நின்னாச்சு," என்றார் டிரைவர். "டீ இருக்கா?"

"கடைக்காரி அந்தத் தலையில இருக்கா," என்றார் மாஸ்டர்.

இதற்குள் கீரைக்காரி நடுப்பெட்டியில் கூடையை ஏற்றி, தானும் ஏறி, ஜன்னல் ஓரம் உட்கார்ந்துவிட்டாள். "அம்மா, இது காலி வண்டி," என்றார் மாஸ்டர்.

"தெரியும் சார். அதான் இடம் இருக்கு."

வண்டி போனது. வண்டி ஏன் நின்றது என்று பிறகு யாராவது கேட்பார்களா, கேட்டால் என்ன ஆகும் என்பதும் யாருக்கும் தெரியவில்லை.

வீட்டில் மாமனாரைத் தலையணையை உயர்த்திப் படுக்கவைத்தார்கள். மகன் கட்டின் ஓரத்தைப் பார்த்தான். ரத்தம் இல்லை. நீரும் இல்லை. "வலிக்குதாப்பா?" என்றான்.

"கண்ணு வலிக்கலை. மானம்தான் வலிக்குது. என் ஸ்டேஷன்ல என்னை எறக்காமப் போனான்."

"நின்னுச்சுப்பா. நீங்கதான் எறங்கலை."

"பாலம் வர்றதுக்கு முந்தி நின்னா அது எப்படி நம்ம ஸ்டேஷன் ஆகும்?"

"வண்டி தொட்டிப் பக்கமா வந்துச்சுப்பா."

"டவுன் வண்டி எப்படிடா தொட்டிப் பக்கமா வரும்?"

மகன் சொன்னான். ஆற்றுப் பாலம், சாய்ந்த தூண், ஜங்ஷன். அவர் கேட்டார். கேட்டு முடித்து, "அது சரி," என்றார். "ஆனா பாலம் எங்க இருக்கோ அங்கதானே இருக்கு?" என்றார்.

மகன் டியூட்டிக்குப் போய்விட்டான்.

அடுப்படியில் மருமகள் கஞ்சி வைத்தாள். மாமியார் தரையில் உட்கார்ந்து மாமனாரின் சட்டையை மடியில் விரித்திருந்தாள். மேலே இரண்டு பொத்தான்கள் இல்லை. தோள்பட்டையில் தையல் விட்டிருந்தது.

"போகும்போதும் எந்திரிச்சாரு," என்றாள் மாமியார். "பாலம் கேட்டதும். வண்டி ஓடுது. எறங்கு எறங்குங்கறாரு. சட்டையைப் பிடிச்சேன். ஒரு பொத்தான் அப்போ போச்சு. இன்னொண்ணு இப்போ."

"அதுக்கு முந்தி நின்னப்பவே எறங்கியிருக்கலாமே அத்தை."

மாமியார் நூலைப் பல்லால் கடித்தாள்.

"என்னை நேராப் பார்த்தீங்க."

"பார்த்தேன்."

"அப்புறம்?"

"நம்ம ஊரு மாதிரி இருக்குன்னு சொன்னேன். பாலம் வரலைன்னாரு. தொட்டி இருக்குன்னேன். எல்லா ஊர்லயும் தொட்டி இருக்கும்னாரு. மருமக நிக்கிறான்னேன்." ஊசியில் நூல் கோக்க வரவில்லை. வாயில் வைத்து நனைத்தாள். "பாலமே வரலை, மருமக எங்கேர்ந்து வருவான்னாரு. அப்புறம் உன்னைப் பார்த்தேன். யாரோ மாதிரிதான் இருந்துச்சு."

மருமகள் ஊசியை வாங்கி நூலைக் கோத்துக் கொடுத்தாள்.

"கட்டு அவருக்குத்தானே போட்டாங்க," என்றாள்.

மாமியார் சிரித்தாள். வாயை மூடிக்கொண்டு, சத்தமில்லாமல், தோள் குலுங்கச் சிரித்தாள். பிறகு அது சிரிப்புதானா என்று மருமகளுக்குச் சந்தேகமாக இருந்தது.

சாயங்காலம் மழை விட்டது. மூவரும் முன்னறையில் இருந்தார்கள். தொட்டிப் பக்கத்தில் எஞ்சின் ஊதியது. வண்டி வந்து நின்றது. ஆட்கள் பேசும் சத்தம், தகரப் பெட்டி இறங்கும் சத்தம் எல்லாம் கேட்டன. மாமனார் தலையணையில் காதைத் திருப்பி வைத்துக் காத்திருந்தார். விசில் ஊதியது. வண்டி கிளம்பியது. கொஞ்ச நேரத்தில் பாலம் அதிர்ந்தது.

"வந்தாச்சு," என்றார் மாமனார்.

மாமியார் சட்டையை உதறி மடித்தாள்.

"போயாச்சு," என்றாள்.